ஐந்து நாள் இரை போட்ட இடம்

நம் வயதில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் முழங்காலைப் பற்றித்தான் பேசுவோம். அதைப் பேசி முடித்துவிட்டீர்கள் என்றால் கொஞ்சம் இப்படி உட்காருங்கள். நான் மீன் பிடிக்கிறவர்களைப் பற்றிப் பேச வேண்டும். என் முழங்கால் கொடுத்த வலியைவிட இவர்கள் கொடுத்தது அதிகம். பிழைப்புக்கு வலை போடுகிறவர்களைச் சொல்லவில்லை, அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு தூண்டில் கழியைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்காருகிற மாதச் சம்பளக்காரர்களைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அப்படி ஓர் அப்பா இருந்தார். இப்போதும் இருக்கிறார், எண்பத்தேழு வயது. அது போதாதென்று என் வயிற்றில் பிறந்தவனும் அப்படியே ஆகிவிட்டான்.

மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஊருக்கு வெளியே ஒரு குளம் இருக்கிறதாம், பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டமாம். இவன் நான்கு கழிகளை வரிசையாக நட்டுவிட்டு மடக்கு நாற்காலியில் சாய்ந்துகொள்கிறான். மீன் கடித்தால் கழியில் மாட்டிய கருவி கீச்சுக்கீச்சென்று கத்துகிறது. மீனைத் தூக்கி தண்ணீரில் நனைத்த மெத்தையில் படுக்க வைக்கிறான். ஆமாம், மீனுக்கு மெத்தை. போட்டோ எடுக்கிறான். தூண்டில் முள் குத்திய உதட்டில் மருந்து தடவுகிறான். பிறகு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்த் தண்ணீரில் விடுகிறான். போன வருஷம் என் குதிகாலில் கண்ணாடித் துண்டு ஏறி நான் நொண்டிக்கொண்டிருந்தபோது, "டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பும்மா" என்று சொன்ன அதே பிள்ளைதான்.

ஆரம்பத்தில் இவன் இப்படி இல்லை. முதல் வருஷம் ஒன்றும் மாட்டாத ஞாயிற்றுக்கிழமைகளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருவான். அடுத்த வருஷம் ஏதோ ஒரு குட்டையைக் கண்டுபிடித்து, ஜிலேபிக் கெண்டையாகக் கொண்டுவந்து ஃப்ரீசரை நிரப்பினான். ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை. அதற்கப்புறம் சின்ன மீன் என்றாலே இளக்காரம், பெரியதுதான் வேண்டும். இப்போது மெத்தையும் மருந்தும். என் அப்பாவுக்கு நாற்பது வருஷம் பிடித்த மாற்றம் இவனுக்கு ஆறு வருஷத்தில் வந்துவிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கு முந்தின கட்டத்தில் இருக்கிறவனைப் பார்த்து மூக்கைச் சுளிப்பான். பிந்தின கட்டத்துக்குப் போய்விட்டவனைப் பார்த்தால் பைத்தியம் என்பான். மீன் பிடிக்கிற எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. தான் இன்றைக்கு எப்படி இருக்கிறேனோ அப்படித்தான் உலகத்தில் கழி பிடித்த எல்லாரும் இருப்பார்கள் என்று நினைப்பு.

இந்த நினைப்பால்தான் என் ஒன்பதாவது வயதில் என் ஒரே தோழியை நான் இழந்தேன்.

சொல்கிறேன். அப்பா மதுரைப் பக்கம். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் பாகங்களைச் சோதித்துப் பார்த்து முத்திரை குத்துகிற வேலை. தலைமயிர் அளவு பிசகு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று ஆபீசில் பெயர். செகந்தராபாத்தை ஒட்டிய சைனிக்புரியில் வீடுகளைவிடப் பாறைகள் அதிகமாக இருந்த நாட்களில் அங்கே வாடகைக்கு வந்து, பிற்பாடு அதே வீட்டை வாங்கினார். நான் இன்றும் அங்கேதான் இருக்கிறேன். மூன்று தெரு தள்ளி சுபேதார் மாமா வீடு. வேலூர்ப் பக்கத்துக்காரர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். தமிழ் பேசுகிற வீடு அந்தப் பக்கத்தில் எங்கள் இரண்டுதான். அவருடைய கடைசிப் பெண்ணும் நானும் ஒரே வகுப்பு, ஒரே ரிக்‌ஷா. எங்கள் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு நாலு நிமிஷ நடை. ஓடினால் இன்னும் சீக்கிரம்.

இரண்டு அப்பாக்களும் ஞாயிறு தவறாமல் ஏரிக்குப் போவார்கள். சைக்கிள் கேரியரில் ஆளுக்கொரு பெண்ணை ஏற்றிக்கொள்வார்கள். இன்றைக்கு அந்த ஏரியைச் சுற்றிக் கம்பி வேலியும் நடைபாதையும் போட்டு, தண்ணீர் முழுக்க ஆகாயத்தாமரை. அன்றைக்குப் பாறைமேல் உட்கார்ந்தால் அடியில் ஓடுகிற மீன் தெரியும். ஏரிக்கரையில் அப்பா போட்ட சட்டம் ஒன்று உண்டு, பேசக் கூடாது. மீனுக்குக் காது கேட்குமாம். தும்மல் வந்தால் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்ம வேண்டும். அதனால் தோழியும் நானும் விரலாலேயே பேசக் கற்றுக்கொண்டோம். கட்டை விரலை மடக்கினால் பசிக்கிறது என்று அர்த்தம். இரண்டு விரலைக் காட்டினால், உன் அப்பா தூங்குகிறார். பாறை மெல்ல மெல்லச் சூடேறி, பாவாடையையும் மீறிச் சுடும். அப்போதுதான் எழுந்திருக்க அனுமதி.

அப்பாவும் மகனைப் போலத்தான் ஆரம்பித்தாராம். அம்மா சொல்வாள். கல்யாணமான புதிதில் விரல் நீள உளுவை மீனைக்கூடக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவாராம். பிறகு வாளிக் கணக்கு. "வெட்டிக் கழுவுறது யாரு? உங்க ஆபீசுல சொல்லி ஒரு ஆளு போடுங்க" என்று அம்மா அரிவாள்மனையைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போன கதை எங்கள் வீட்டில் பிரசித்தம். நான் சொல்கிற வருஷம் அவர் பெரிய மீன் கட்டத்தில் இருந்தார். கைநீள மீன் மாட்டினால்கூட முகம் கோணும்.

சுபேதார் மாமா அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டிருந்தார். அவர் பிடித்த மீனை ஒரு நிமிஷம் தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தடவிப் பார்ப்பார். பிறகு விட்டுவிடுவார். நம் நாட்டில் அப்போது அப்படிச் செய்தவர் வேறு யாரும் இருந்திருப்பார்களா தெரியாது. ஏரிக்கு வருகிறவர்கள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அப்பாவுக்கோ வயிறு எரியும்.

"இம்புட்டுக் கஷ்டப்பட்டுப் பிடிச்சு எதுக்கு விடணும்? அதுக்கு வீட்டுலயே இருந்துரலாம்ல?" என்பார்.

"புடிச்சாச்சு இல்ல? அப்புறம் இன்னா?" என்பார் மாமா. அதற்குமேல் பேச மாட்டார். வெளுத்துப்போன பச்சைத் தொப்பி ஒன்று எப்போதும் அவர் தலையில் இருக்கும். கழற்றின முட்களை அதன் நாடாவில் குத்தி வைத்துக்கொள்வார். எங்கள் இரண்டு பேருக்கும் பையிலிருந்து பொரிகடலை எடுத்துக் கொடுப்பார், அதையும் சத்தமில்லாமல் மெல்ல வேண்டும்.

அந்தக் கோடையில் ஏரி பாதியாகக் குறைந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்குப் பாறைக்கு முன்னால் ஒரு கட்லா வாயைத் திறந்துகொண்டு மேலே வந்து போனது. அந்த வாய் சாப்பாட்டுத் தட்டு அகலம் என்று அப்பா சொன்னார். நான் பார்த்தது கிண்ணம் அளவுதான், ஆனால் அதைச் சொல்ல அந்த இடத்தில் பேச அனுமதி இல்லையே. அன்று முதல் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமை வரை ஐந்து நாள், ஆபீசுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு ஏரிக்கு மிதித்துக்கொண்டு போய், அந்தப் பாறைக்கு முன்னால் இரை போட்டுவிட்டு வந்தார். வறுத்த கடலைப் புண்ணாக்கு, தவிடு, வெந்தயம் எல்லாம் சேர்த்து ஊறவைத்துப் பிடித்த உருண்டைகள். இந்த ஊர்க்காரர்கள் அதைச் சாரா என்பார்கள். வீடு முழுக்க அந்தப் புளித்த வாடை. தினமும் ஒரே இடத்தில் இரை கிடைத்தால் மீன் அங்கேயே தங்கிவிடும் என்பது கணக்கு.

இதில்தான் ஒரு வழக்கம் இருக்கிறது, கவனியுங்கள். இரை போட்டு வைத்த இடம் போட்டவனுக்குச் சொந்தம். அதில் அடுத்தவன் தூண்டில் போட மாட்டான். போட்டால் அவனோடு ஒருவரும் பேச மாட்டார்கள். ஆனால் சொந்தக்காரன் சூரியன் வருவதற்குள் வந்துவிட வேண்டும். வெயில் பாறைமேல் விழுந்துவிட்டால் இடம் பொதுவாகிவிடும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் இங்கே பிடிக்க முடியாது. தண்ணீருக்குள் யாராவது ஒருவருடைய தூண்டில் நரம்பு கிடக்க வேண்டும், அப்போதுதான் இடம் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் செகந்தராபாத்திலிருந்து ஸ்கூட்டரில் ஒரு கூட்டம் வரும். எந்தப் பாறை காலி என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

சனிக்கிழமை மாலை அப்பா முள்ளில் வைக்கிற மாவைப் பிசைந்தார். கோதுமை மாவில் நெய், சோம்பு, பெருங்காயம். அம்மாவின் ஒரு வாரத்து நெய் அதில் போயிற்று. ஈரத்துணி போட்டு மூடிச் சமையல் மேடையில் வைத்துவிட்டுப் படுத்தார். விடியற்காலை ரயிலில் ஊரிலிருந்து அத்தை குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியது. அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். அப்பா பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தபோது அவருடைய கட்லா மாவு சப்பாத்தியாகித் தட்டில் இருந்தது.

"அண்ணி, என்ன வாசம்! இங்கிட்டு இப்படித்தான் செய்வாகளா?" என்று கேட்டுக்கொண்டே அத்தை மூன்றாவதைப் பிய்த்தாள்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று அம்மா கடைசி வரைக்கும் சாதித்தாள். நான் நம்பியதில்லை. அந்த நெய்யைத் தண்ணீரில் கரைக்க அவளுக்கு மனசு வந்திருக்காது. அத்தைக்கு முன்னால் கத்த முடியாமல் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மாவு பிசைந்தார். கிளம்பும்போதே கிழக்கு வெளுத்துவிட்டது. என் மடியில் பிஸ்கட் டின். முள், ஈயம், தக்கை எல்லாம் அதற்குள். சைக்கிள் பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் அது கலகலவென்று சத்தம் போடும். அப்பா மூச்சிரைக்க மிதித்தார்.

ஏரிக்குப் போனபோது பாறைமேல் வெயில் விழுந்திருந்தது. ஸ்கூட்டர்காரர்கள் நாலைந்து பேர் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பாவின் பாறையில், அப்பா ஐந்து நாள் இரை போட்ட தண்ணீரில் நரம்பை விட்டுக்கொண்டு, சுபேதார் மாமா உட்கார்ந்திருந்தார்.

அப்பா சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தார், நான் டின்னோடு பின்னால் ஓடினேன். காலடிச் சத்தம் கேட்டு மாமா திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. தண்ணீரைக் காட்டினார், அங்கே குமிழ் குமிழாகப் பொங்கிக்கொண்டிருந்தது. கட்லா வந்திருந்தது. மாமா உதட்டின்மேல் விரலை வைத்து, பேசாதே என்று சைகை காட்டினார்.

அந்த விரல்தான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு தன்னையே வாயை மூடச் சொல்கிறானே என்று நினைத்திருக்கிறார். அந்த ஏரிக்கரையில் அதுவரை யாரும் கத்தியதில்லை.

"யோவ்! அஞ்சு நாளா நான் இரை போட்டது உனக்கா? மீனை விட்டுர்றேன் விட்டுர்றேன்னு ஊருக்கு நடிச்சது இதுக்குத்தானா?"

"இன்னாப்பா பேசற நீ? மொதல்ல உக்காரு—"

"உக்கார எங்க எடம் இருக்கு? அதான் நீ உக்காந்துட்டியே. திருட்டுப் பய!"

அந்த வார்த்தை அவர் கத்திய விதத்திலேயே எல்லாருக்கும் புரிந்தது. ஸ்கூட்டர்காரர்களில் ஒருவர் சிரித்தார். என் தோழி பாறைக்கு அந்தப் பக்கம் பொரிகடலைப் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மாமா எழுந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தன் பெண்ணைப் பார்த்தார், மூடிக்கொண்டார். கழியைத் தூக்கியதில் நரம்பு பின்னாலிருந்த கருவேலஞ்செடியில் சிக்கியது. அவர் அவிழ்க்கக்கூட நிற்கவில்லை, ஓர் இழுப்பில் அறுத்துக்கொண்டு, பெண்ணின் கையைப் பிடித்து நடந்துவிட்டார். அவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். நான் எந்த விரலையும் மடக்கவில்லை. அதற்கு எங்களிடம் சைகை இல்லை.

செடியில் மாட்டியிருந்த நரம்புத் துண்டை அப்பா எடுத்தார். நுனியில் ஈயக்குண்டு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. முள் இல்லை.

"பாத்தியா? முள்ளைக் காணோம். நாம வர்றதுக்குள்ள கட்லா மாட்டி, அறுத்துக்கிட்டுப் போயிருக்கு. என் கட்லா!" என்றார்.

எனக்கு மாமாவின் தொப்பி ஞாபகம் வந்தது. அன்று நாடாவில் புது முள் ஒன்று பளபளவென்று குத்தியிருந்ததைப் பார்த்திருந்தேன். அன்று மாலை வீட்டில் சொன்னேன். "அப்பா, மாமா முள்ளே போடல. முள்ளு தொப்பியில இருந்துச்சு. நமக்காக எடம் பிடிச்சு வெச்சிருந்தாருப்பா."

"முள்ளு இல்லாம எவனாச்சும் தூண்டில் போடுவானா? போடி, போய்ப் படி" என்றார். கோடை விடுமுறையில் என்ன படிப்பது? தலைமயிர் அளவு பிசகைக் கண்டுபிடிக்கிறவர் அந்த நரம்பை முத்திரை குத்தாத குறையாகப் பிஸ்கட் டின்னில் சுருட்டி வைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் சாட்சி என்று எடுத்துக் காட்டினார். நானும் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லியிருக்கலாம் என்று இத்தனை வருஷமாக நினைக்கிறேன்.

பள்ளி திறந்தது. அப்பா எனக்கு வேறு ரிக்‌ஷா வைத்தார். பழைய ரிக்‌ஷாக்காரர் எங்கள் வாசலில் நின்று, "கைக்கு பேட்டா? ஜகடா ஹுவா க்யா?" என்று கேட்டார். என்ன சண்டை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? வகுப்பில் தோழி இடம் மாறி உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் போனபோது, "உங்கப்பா எங்கப்பாவத் திருடன்னு சொன்னார்ல? அப்போ நானும் திருடிதான். எங்கிட்ட வராத" என்றாள். ஒன்பது வயசு. எனக்கு அவளைத் தவிர தமிழில் பேச யாரும் இல்லை. அந்த வருஷம்தான் நான் நன்றாகத் தெலுங்கு பேசக் கற்றுக்கொண்டேன்.

பெரியவர்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம் மூன்று தெரு இடைவெளியில் வாழ்ந்தார்கள். ரேஷன் கடை வரிசையில் முன்னும் பின்னும் நின்றார்கள். பேசவில்லை. அப்பா அந்த ஏரியை விட்டுவிட்டு வேறு ஏரிகளுக்குப் போனார். வருஷம் ஆக ஆக மாறினார். பெரிய மீன் மோகம் போய், நீளக்கழி போய், ஓய்வு பெற்ற பிறகு பிடித்த மீனை அவரும் தண்ணீரிலேயே விட ஆரம்பித்தார். நான் குத்திக்காட்டினால், "நம்மளால இனிமே திங்க முடியாதுடி" என்பார். சுபேதார் மாமா இறந்த அன்று வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டார். செருப்பு கடித்தது என்றார்.

தோழி இதே ஊரில் குகட்பள்ளியில் இருக்கிறாள், பேரன் எடுத்துவிட்டாள். எங்கள் பழைய பள்ளிக் குழு வாட்ஸ்அப்பில் கூடியபோது மறுபடி கிடைத்தாள். பிறந்தநாளுக்குப் பூங்கொத்துப் படம் அனுப்புவாள், நானும் அனுப்புவேன். இரண்டு தடவை நேரில் பார்த்தோம். சர்க்கரை, பிரஷர், மருமகள் எல்லாம் பேசினோம். அப்பாக்களைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு அந்த வார்த்தை மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் மறக்கவில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போதே இது தீர்ந்தால் தீர்ந்தது, இல்லாவிட்டால் பூங்கொத்துதான் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் தன் மெத்தைக் குளத்துக்குத் தாத்தாவை அழைத்துக்கொண்டு போனான். துணைக்கு நானும் போக வேண்டியதாயிற்று. பேரனின் நான்கு கழிகள் ஒரு பக்கம் கீச்சுக்கீச்சென்று கத்த, இந்தப் பக்கம் அப்பா தன் பழைய மூங்கில் கழியோடு நிழலில் உட்கார்ந்தார். காலையிலிருந்து மத்தியானம் வரை தக்கை அசையவில்லை. மாத்திரை போட வேண்டிய நேரம். "இரை கரைஞ்சு போயிருக்கும்ப்பா" என்று நானே நரம்பை இழுத்துப் பார்த்தேன்.

நுனியில் ஈயக்குண்டு மட்டும் ஆடியது. முள் இல்லை.

"அப்பா, முள்ளு எங்க?"

"விரலு நடுங்குது, முள்ளுக் கட்ட வரலை. ஈயத்தை மட்டும் கட்டிப் போடுறேன்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். ஒக்காரத்தான வர்றேன்? அதுக்கு முள்ளு என்னத்துக்கு?"

என் மண்டைக்குள் ஏதோ வெடித்தது. "முள்ளு இல்லாம எவனாச்சும் தூண்டில் போடுவானான்னு கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கத்தினேன். மகன் அங்கிருந்து, "அம்மா, ப்ளீஸ், மெல்லகா!" என்றான். அவனுடைய கருவி கத்தலாம், நான் கத்தக் கூடாது.

அப்பா பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு நரம்புச் சுருளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மஞ்சளாகிப் போயிருந்தது, ஆனால் ஈயக்குண்டு அதேதான்.

"நுனியைப் பாரு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஈயத்துக்குக் கீழே நரம்பின் நுனி சின்ன மொட்டாக உருண்டு கறுத்திருந்தது.

"தீக்குச்சியில சுட்டா அப்படி உருண்டுக்கிரும். முடிச்சு அவிழாம இருக்கச் சுடுறது. மீன் அறுத்த நரம்பு சுருண்டு பிசிறா இருக்கும், இப்படி இருக்காது. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மொத மொதல்ல முள்ளு இல்லாம கட்டிச் சுட்டேன்ல? இதே மொட்டு வந்துச்சு. எங்கயோ பாத்துருக்கமேன்னு இதை எடுத்துப் பாத்தேன்." நுனியை விரலால் தடவினார். "அன்னைக்கும் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் பாக்கலை. சும்மா ஒருத்தன் ஒக்காருவான்னு எனக்கு அப்ப தெரியாதுடி."

"ரெண்டு வருஷமாத் தெரியுமா? தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நேரம் வரட்டும்னு..."

நேரம். மீனுக்குக் காத்திருந்து காத்திருந்து இவர்களுக்கு எல்லாமே தானாக வந்து மாட்டும் என்று ஆகிவிட்டது. மனுஷன் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, இன்னும் எந்த நேரம் வர வேண்டும்? எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே போனை எடுத்துக் குகட்பள்ளிக்குப் போட்டேன். "எங்கப்பா பேசணுமாம்" என்று மட்டும் சொல்லி அவர் காதில் வைத்தேன். ஸ்பீக்கரையும் தட்டினேன். மறுபடி ஏதாவது மழுப்பினால் பிடிக்க வேண்டுமே.

அப்பாவின் தாடை இரண்டு தடவை அசைந்தது. பிறகு சொன்னார்.

"அம்மாடி, உங்கப்பா அன்னைக்கு முள்ளு போடலை. எனக்கு எடம் பிடிச்சு வெச்சிருந்தாரு. நான் பேசுனது தப்பு. அவரு திருடன் இல்லம்மா."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம் வந்தது, யாரோ அதை நிறுத்தினார்கள்.

"ஹவ் மாமா," என்றாள். இந்த ஊரில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான். "அப்பா அத அப்பவே வுட்டுட்டார் மாமா. கோவத்துல பேசிட்டான், ஒரு நாள் வருவான், அவசரம் இல்லன்னுவார். ஆனா ஒண்ணு மட்டும் கேட்டுகினே இருந்தார். ஆஸ்பத்திரியிலகூட. நாங்க போனப்புறம் அந்தக் கட்லா உங்களுக்கு மாட்டிச்சா?"

அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போடவே இல்லம்மா. டின்னைக்கூடத் திறக்கலை. அப்படியே வீட்டுக்கு வந்துட்டேன்."

இது எனக்கே அன்றுதான் ஞாபகம் வந்தது. உண்மைதான், அன்று அவர் தூண்டில் போடவே இல்லை. இரண்டாம் தடவை பிசைந்த மாவை அப்படியே உருட்டி, குமிழ் வந்த இடத்தில் எறிந்துவிட்டு என்னைக் கேரியரில் ஏற்றினார். தோழி அந்தப் பக்கம் அழுதாள், நடுவில் சிரித்தாள். அப்பாவும் மூக்கை உறிஞ்சினார். மகன் மீனை மெத்தையில் போட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று அவள் சொன்னாள். வரட்டும், நிறையப் பேச வேண்டும்.

எல்லாரும் நெகிழ்ந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் கோபம் தீரவில்லை. ஒருவர் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அந்த வாசலில் உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் அதற்குப் பதிலை வைத்துக்கொண்டு இந்த வாசலில் உட்கார்ந்திருந்தார். நாலு நிமிஷ நடை. ஓடினால் இன்னும் சீக்கிரம்.